வால்வை மூடும்போது கைப்பிடி எங்கே போகும்?

ஆறாவது மாடி நடைபாதையில் அப்போது ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் எல்லாம் தெரியும். வெள்ளி நிற ஏசி டக்ட், கறுப்பு ரப்பர் சுற்றிய குளிர்நீர்க் குழாய்கள், தீயணைப்புக்கான சிவப்பு ஸ்பிரிங்க்ளர் பைப், அதற்கும் மேலே மின்கம்பிகள் போகும் கேபிள் டிரே. கணினி முன்னால் மூன்று மாதம் உட்கார்ந்து நான் அடுக்கியது அடுக்கியபடியே தலைக்கு மேல் நின்றது. மனசு நிறைந்துபோய் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏணியில் நின்றிருந்த பைப்பிங் ஃபோர்மேன் கீழே பார்த்து, "மேடம், ஒரு நிமிஷம் மேல வந்து இந்த வால்வை மூடிக் காட்டுங்களேன்" என்றார்.

அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். சிங்கப்பூரில் இருபது வருடத்துக்கு மேல் குழாய் வேலை. அவர் இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டார், நான் ஏறினேன். குளிர்நீர்க் கிளைக்குழாயில் இருக்கும் வால்வு அது. நீளமான கைப்பிடி. கைப்பிடி குழாயின் போக்கிலேயே நீட்டிக்கொண்டிருந்தால் வால்வு திறந்திருக்கிறது என்று அர்த்தம். கால் வட்டம் திருப்பிக் குழாய்க்குக் குறுக்கே கொண்டுவந்தால் மூடிவிட்டது என்று அர்த்தம். பிடித்துத் திருப்பினேன். பாதி தூரம் வந்து, பக்கத்து டக்டில் இடித்து நின்றுவிட்டது. அழுத்திப் பார்த்தேன். தகரம் நெளிந்ததே தவிர, கைப்பிடி நகரவில்லை.

"உங்க மாடல்ல இந்த வால்வு எப்பவுமே தெறந்துதான் இருக்கும் போல" என்றார் அண்ணன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, அப்படித்தான் இருக்கும் என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

அவர் சொன்னது சரி. கணினிக்குள் நான் கட்டிவைத்த முப்பரிமாண மாடலில் அந்த வால்வு திறந்த நிலையில்தான் இருந்தது. வால்வு கம்பெனி கொடுத்த கோப்பே அப்படித்தான் வரும். குழாய்க்கும் டக்டுக்கும் நடுவில் 50 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி வைத்துச் சோதித்திருந்தேன். 80 மில்லிமீட்டர் இருந்தது. ரிப்போர்ட்டில் அந்த மாடிக்கு கிளாஷ், அதாவது ஒன்றோடொன்று இடிக்கும் இடம், பூஜ்யம். ஆனால் கைப்பிடியின் நீளம் 250 மில்லிமீட்டர். குழாயின் நடுக்கோட்டிலிருந்து டக்ட் வரை 180 மில்லிமீட்டர்கூட இல்லை. நாளைக்கு எங்கேயாவது குழாய் ஒழுகி, ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் ஏணி போட்டு ஏறி இதை மூட வந்தால் அவரால் மூட முடியாது.

அந்த மாடியில் மட்டும் அப்படி 11 வால்வு இருந்தது. கடைசியில் கைப்பிடிக்குப் பதிலாகச் சின்னச் சக்கரம் வைத்த கியர் வகை வால்வாக மாற்றினார்கள். செலவு ஒருபுறம் இருக்கட்டும். அன்றைக்கு ஏணியில் நின்றபோது என் மூன்று மாத வேலையில் ஒரு மனிதக் கைகூட இல்லை என்று தெரிந்ததே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிம், பிம் என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிறோம். பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங் என்பதன் சுருக்கம், கட்டடத் தகவல் மாதிரி. வெளியில் இருப்பவர்களுக்கு அது ஏதோ கட்டடத்தின் முப்பரிமாணப் படம் என்ற அளவில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. படம் அதில் ஒரு பகுதிதான். பெயரின் நடுவில் இருக்கும் தகவல்தான் அதன் உயிர்.

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் நான் சுவர் வரைந்த காலத்தில் சுவர் என்பது இரண்டு கோடு. அது சுவர் என்று எனக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பிளானில் ஒரு கதவை அரை மீட்டர் நகர்த்தினால் செக்‌ஷனில் நகர்த்தணும், எலிவேஷனில் நகர்த்தணும், கதவுப் பட்டியலைத் திருத்தணும். ஐந்து தாளில் நான்கைத் திருத்திவிட்டு ஐந்தாவதை மறந்தால், சைட்டில் யாரோ ஒருவர் கையில் அந்த ஐந்தாவது தாள்தான் இருக்கும். பிம்மில் சுவர் சுவராகவே இருக்கிறது. அதன் உயரம், தடிமன், எந்த மாடி, எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும் என்பதெல்லாம் அதோடு ஒட்டியிருக்கும். கதவை ஓரிடத்தில் நகர்த்தினால் போதும், எல்லாத் தாளும் தானே மாறும். ஏனென்றால் தாள்கள் தனித்தனியாக இல்லை, எல்லாம் ஒரே கட்டடத்தைப் பல கோணங்களில் பார்ப்பதுதான்.

இந்த யோசனை நேற்று வந்ததில்லை. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் ஈஸ்ட்மன் 1975இலேயே இதை எழுதிவிட்டார். கட்டடத்தை வரைபடங்களாக வைத்துக்கொள்ளாமல் கணினிக்குள் ஒரு பொருளாக வைத்துக்கொண்டால், ஒரு மாற்றத்தை ஒரே தடவை செய்தால் போதும் என்பதுதான் அவர் வாதம். அன்றைய கணினிகளுக்கு அது பெரிய சுமை. 1980களில் ஹங்கேரியின் புடாபெஸ்டில் காபோர் போயார் தொடங்கிய கிராஃபிசாஃப்ட் நிறுவனம் இந்த வழியில் வேலை செய்யும் ஆர்க்கிகேட் மென்பொருளை வெளியிட்டது. அதற்கு முன்னால் அவர்கள் எடுத்துச் செய்த வேலைகளில் ஒன்று, பாக்ஷ் என்ற ஊரில் இருக்கும் அணுமின் நிலையத்தின் குழாய்களை முப்பரிமாணத்தில் மாதிரியாக்குவது. எனக்கு அதைப் படித்தபோது ரொம்பச் சந்தோஷம். குழாய் எங்கே எதோடு இடிக்கும் என்ற கவலையில்தான் இந்தத் தொழிலின் ஒரு வேர் இருக்கிறது. நாங்கள் தினமும் திறக்கும் ரெவிட் என்ற பிம் மென்பொருள் 2000இல் வந்தது, 2002இல் அதை ஆட்டோகேடின் கம்பெனியான ஆட்டோடெஸ்க் வாங்கியது.

நான் இதில் நுழைந்தது கோயம்புத்தூரில். டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, வெளிநாட்டுக் கட்டடங்களுக்குக் கம்பி டீட்டெய்லிங், அதாவது எந்தக் கம்பி எங்கே எப்படி வளையும் என்று கணினியில் வரைந்துகொடுக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். கோவையிலும் சென்னையிலும் திருச்சியிலும் இப்படி எத்தனையோ அலுவலகங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒரு பாலம், அமெரிக்காவில் ஒரு கிடங்கு என்று எங்கோ நிற்கும் கட்டுமானங்களின் கம்பிகளையும் எஃகுச் சட்டங்களையும் நம் பிள்ளைகள் இங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வளைத்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு போல்ட்டும் அவர்களுக்கு மனப்பாடம். கட்டடம் எந்தத் தெருவில் நிற்கிறது என்று தெரியாது. நானும் நான்கு வருடம் அப்படி இருந்தேன். அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஒரு தூணும் மூன்று உத்தரமும் சந்திக்கிற இடத்தில் எத்தனை கம்பி நெருக்கியடிக்கும், கான்கிரீட் உள்ளே இறங்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த நான்கு வருடத்தில் ஒரு கட்டடத்தின் உள்ளே போய் நிற்கவில்லை.

சிங்கப்பூரின் சட்டம்தான் எனக்கு வழி திறந்தது. அங்கே கட்டட அனுமதிக்கே மாடலைக் கொடுக்க வேண்டும் என்று கட்டுமான ஆணையம் படிப்படியாகக் கொண்டுவந்தது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2013இல் ஆர்க்கிடெக்சர் மாடல், அடுத்த வருடம் பொறியியல் மாடல், 2015இல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட எல்லாவற்றுக்கும். பிரிட்டனும் 2016 ஏப்ரலிலிருந்து மத்திய அரசின் திட்டங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. ஒரு நாடு இப்படி விதி போட்டால் அத்தனை கம்பெனிக்கும் மாடல் செய்ய ஆள் வேண்டும். அந்த அலையில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களில் நானும் ஒருத்தி.

சட்டம் வேலையைக் கொடுத்தது. அதே சட்டத்தால் ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. சிங்கப்பூரில் நான் முதலில் சேர்ந்த இடத்தில் பழைய வழியில் 2டி வரைபடத்தை முடித்துவிடுவார்கள். அதைப் பார்த்து மாடல் செய்வது எங்கள் வேலை. அனுமதிக்கு அனுப்ப ஒரு மாடல். சைட்டில் கட்டுவதற்கு வேறு தாள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளிக் குத்துவிளக்கைப் பீரோவில் பூட்டி வைப்பதுபோல மாடலை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபோது வந்த கோபம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. கட்டடம் கட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் தவறுகளைக் கண்டுபிடிக்க ஒரு கருவி கையில் இருக்கிறது. அதைத் தவறுகள் நடந்து முடிந்த பிறகு அலங்காரமாகச் செய்வதென்றால் என்ன அர்த்தம்?

சரி, ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சீலிங்குக்கு மேலே இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாடிக்கு மாடி 4200 மில்லிமீட்டர் என்று வைப்போம். ஸ்லாபையும் சேர்த்து உத்தரத்தின் ஆழம் 750. உத்தரத்தின் அடிவயிறு தரையிலிருந்து 3450இல் நிற்கும். சீலிங் 2800இல் வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் கேட்கிறார். மிச்சம் 650. சீலிங் சட்டமும் விளக்கும் 150 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 500. டக்டின் உயரம் 400, மேலும் கீழும் 25 இன்சுலேஷன், ஆக 450. மிச்சம் 50. இப்போது இந்த டக்டைக் குறுக்கே தாண்டி ஒரு கழிவுநீர்க் குழாய் போக வேண்டும்.

இந்த 50 மில்லிமீட்டருக்காக ஒரு அறையில் பத்துப் பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். அதுதான் கோஆர்டினேஷன் மீட்டிங். பெரிய திரையில் எல்லோருடைய மாடலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நேவிஸ்வொர்க்ஸ் என்ற மென்பொருளில் கிளாஷ் சோதனை ஓட்டினால் முதல் தடவை ஆயிரக்கணக்கில் சிவப்பு. புதிதாக வந்தவர்கள் பயந்துவிடுவார்கள். பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லாத விஷயம். ஒரே குழாய் நாற்பது கம்பிகளைத் தொட்டால் நாற்பது கிளாஷ் என்று எண்ணும். சீலிங் சட்டத்தைத் தொங்கும் கம்பி உரசினாலும் கிளாஷ்தான். அவற்றை ஒதுக்கி, கட்டுக் கட்டாகச் சேர்த்து, உண்மையான முப்பது பிரச்சினையைக் கண்டுபிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அதை மென்பொருள் செய்யாது.

யார் யாருக்கு வழிவிடுவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கழிவுநீர்க் குழாய்தான் முதல். அதைத் தள்ளுகிற பம்பு கிடையாது, சரிவில்தான் ஓடணும். நூற்றுக்கு ஒன்று என்று சரிவு வைத்தால்கூட 12 மீட்டர் போவதற்குள் 120 மில்லிமீட்டர் இறங்கிவிடும். மாடலில் அதை நேர்கோடாகப் போட்டுவிட்டு, பிறகு சரிவு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்ட ஆட்கள் எல்லோரும் ஒருநாள் அழுதிருக்கிறார்கள். அடுத்தது டக்ட், உருவம் பெரிது, மடக்க முடியாது. அப்புறம் குளிர்நீர்க் குழாய். இதில் இன்சுலேஷனை மறக்கவே கூடாது. 200 குழாய் என்று பெயர், வெளிவிட்டம் 219, சுற்றிலும் 50 மில்லிமீட்டர் ரப்பர், கடைசியில் கிட்டத்தட்ட 320 ஆகிவிடும். பிறகு ஸ்பிரிங்க்ளர். கேபிள் டிரே தண்ணீர்க் குழாய்க்கு மேலேதான் போகணும், ஒழுகினால் கரண்ட்டில் விழக்கூடாது. கடைசியாக மின்கம்பி போகும் சின்னச் சின்னக் குழாய்களான கண்டியூட்கள், அவை வளைந்து கொடுக்கும்.

அந்தக் குறுக்கே போகும் குழாய்க்கு எங்கள் கட்டடத்தில் கிடைத்த வழி உத்தரத்துக்கு உள்ளே. கான்கிரீட் போடும் முன்னாலேயே உத்தரத்தில் ஸ்லீவ் என்ற ஒரு குழாய்த் துண்டை வைத்து, ஓட்டை விட்டுவிட வேண்டும். ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் இடத்தைப் பார்த்துச் சம்மதித்தார். பிறகு சரிவுக் கணக்கு மாறியதில் ஸ்லீவை 300 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டி வந்தது. மாடலில் நகர்த்தினேன். எஞ்சினியர் மறுபடி பார்த்தார், சம்மதித்தார். தாள் ரெவிஷன் சி என்று வெளியானது. சைட் கன்டெய்னர் சுவரில் ரெவிஷன் பி ஒட்டியிருந்தது. கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கோஷ்டி அதைப் பார்த்து அளந்து ஸ்லீவ் வைத்தார்கள். சனிக்கிழமை ராத்திரி கான்கிரீட் போட்டாகிவிட்டது. பத்து நாள் கழித்து முட்டு எடுத்தபோதுதான் தெரிந்தது.

சரியான இடத்தில் கோரிங் போட்டு, அதாவது கான்கிரீட்டைத் துளைத்து, புது ஓட்டை எடுக்கலாமா என்று கேட்டோம். முக்கியக் கம்பிகள் அறுபடும், முடியாது என்றார் எஞ்சினியர். அவர் சொன்னது நியாயம். குழாயைச் சுற்றிக் கொண்டுபோனோம், நடைபாதையில் ஒரு பகுதிக்குச் சீலிங் 100 மில்லிமீட்டர் இறங்கியது. இன்றைக்கும் அந்தக் கட்டடத்துக்குள் போனால் அந்த இறக்கம் தெரியும். அழகுக்குச் செய்தது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

மாடல் சரியாக இருந்தது. மாடல் சரியாக இருந்ததால் நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஸ்லீவ் வைத்தவரிடம் போய்ச் சொன்னது யார் என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். என் வேலை தாளை வெளியிடுவதோடு முடிந்தது என்று அப்போது நினைத்திருந்தேன். அந்தத் தவறில் என் பங்கும் இருக்கிறது.

இந்த விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் கான்சாஸ் சிட்டி ஞாபகம் வரும். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டல். 1981 ஜூலை 17 சாயங்காலம், நடன நிகழ்ச்சிக்குக் கூட்டம் கூடியிருந்த நேரத்தில், கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி நான்காவது மாடிப் பாலத்தைத் தாங்கிக்கொண்டே கீழே இரண்டாவது மாடிப் பாலம் வரை போகும். அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது கஷ்டம் என்பதால் அதை இரண்டு துண்டாக்கினார்கள். கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு ஒரு கம்பி. மேல்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு இன்னொரு கம்பி. கிணற்றில் ஒரே கயிற்றைப் பிடித்து இரண்டு பேர் தொங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் பிடிக்கு அவரவர் எடை. கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்தால்? கயிற்றுக்கு வித்தியாசம் இல்லை. மேலே இருப்பவரின் கைப்பிடி மட்டும் இரண்டு பேரைத் தாங்கணும். மேல்பாலத்தின் உத்தரத்துக்கு அடியில் இருந்த நட்டுக்கு அதுதான் நடந்தது. முதல் வடிவமைப்பே விதி கேட்ட வலுவுக்குக் குறைவுதான். அதன்மேல் இந்தச் சுமை இரட்டிப்பானது. மாற்றம் ஷாப் டிராயிங்கில், அதாவது செய்பவர்கள் வேலைக்காக வரையும் தாளில் வந்தது, முத்திரை விழுந்தது, யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

இன்றைக்கு இருக்கும் மென்பொருளில் அந்த இரண்டு கம்பிகளையும் போட்டு கிளாஷ் ஓட்டினால் என்ன வரும்? பூஜ்யம்தான் வரும். கம்பி கம்பியோடு இடிக்கவில்லை, நட்டு உத்தரத்துக்கு அடியில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. பொருள்கள் ஒன்றோடொன்று மோதுவதை மட்டும்தான் அந்தச் சோதனை பார்க்கும். சுமை எந்த வழியாகப் போகிறது, கைப்பிடி எந்தப் பக்கம் சுழலும், ஏணி எங்கே நிற்கும், இதையெல்லாம் ஒருவர் கேட்டால்தான் பதில் கிடைக்கும். கேட்கத் தெரிந்தவரை அந்த அறைக்குள் கூப்பிட்டிருக்க வேண்டும்.

வால்வு விஷயத்துக்குப் பிறகு நான் இரண்டு காரியம் செய்தேன்.

ஒன்று, பெட்டி. மாடலில் ஒவ்வொரு வால்வுக்கு முன்னாலும், ஒவ்வொரு மின்பலகையின் கதவுக்கு முன்னாலும், ஒவ்வொரு ஃபில்டரை வெளியே இழுக்கும் பக்கத்திலும், கண்ணாடிபோல உள்ளே தெரிகிற ஒரு சிவப்புப் பெட்டியை வைத்தேன். அது பொருள் இல்லை, வெற்றிடம். கை சுழல, ஸ்பேனர் திரும்ப, தலையும் தோளும் உள்ளே வர எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு. இப்போது குழாயோ டக்டோ அந்தப் பெட்டியைத் தொட்டாலும் கிளாஷ் என்று காட்டும். நான் கண்டுபிடித்தது இல்லை இது, நல்ல அலுவலகங்களில் முன்பே செய்து வந்ததுதான். ஆனால் பெட்டியின் அளவு எந்தப் புத்தகத்திலிருந்தும் எனக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. அறந்தாங்கி அண்ணன்தான் கொடுத்தார். ஒரு மத்தியானம் முழுக்க ஒவ்வொரு வால்வாகக் காட்டி, "இதுக்கு ஒரு கை போதும், இதுக்கு ரெண்டு கையும் வேணும், இது துரு ஏறுனா பைப் சொருகித்தான் திருப்பணும், அதுக்கு இன்னும் ரெண்டடி" என்று சொல்லச் சொல்ல நான் டேப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து மேடம் போய் தங்கச்சி ஆகிவிட்டேன்.

இரண்டாவது காரியம்தான் கஷ்டமாக இருந்தது. கோஆர்டினேஷன் மீட்டிங்குக்கு ஃபோர்மேன்களைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். மூன்று மணி நேரம் ஃபோர்மேன் சைட்டில் இல்லையென்றால் வேலை நின்றுவிடும் என்றார்கள். ஒரு மாடிக்கு ஒரு மணி நேரம் என்று பேரம் பேசி வாங்கினேன். முதல் நாள் அவர்கள் சேஃப்டி ஷூவோடு ஏசி அறையின் ஓரத்தில் கையைக் கட்டி நின்றார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எஞ்சினியர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனார்கள். நான் தமிழில் சொன்னேன், பக்கத்தில் ஒருவர் வங்காள மொழியில் சொன்னார். திரையில் மாடலைச் சுழற்றி ஏணி நிற்கும் உயரத்தில் கண்ணை வைத்துக் காட்டியதும் அறந்தாங்கி அண்ணன் முன்னால் வந்துவிட்டார். "இந்த டக்டை முதல்ல ஏத்திட்டா அதுக்குப் பின்னால இருக்கிற பைப்பை எப்படி வெல்டு பண்றது?" என்று கேட்டார். அறையில் யாரிடமும் பதில் இல்லை. எங்கள் மாடலில் எல்லாம் ஒரே நொடியில் தோன்றி நிற்கிறது. சைட்டில் ஒன்றுக்குப் பிறகு ஒன்று. எது முதல் என்பதை அன்றைக்கே வரிசைப்படுத்தினோம். அந்த ஒரு மணி நேரம் மிச்சப்படுத்திய நாட்களை நான் கண்ணால் பார்த்தேன்.

வேலை இப்போது போகும் திசையைப் பார்த்தால் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டிய நேரம் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது. சிங்கப்பூரில் 2019இல் முடிந்த கிளெமென்ட் கேனப்பி குடியிருப்பு இரண்டு 40 மாடிக் கோபுரங்கள், 505 வீடு. அறை அறையாக கான்கிரீட் பெட்டிகளைத் தொழிற்சாலையில் வார்த்து, உள்ளே குழாயும் டைல்ஸும் போட்டு, கொண்டுவந்து அடுக்கியது. அப்படிக் கட்டும்போது குளியலறை மாடலில் ஒரு வால்வு கைக்கு எட்டாமல் இருந்தால் ஒரே தவறு நூற்றுக்கணக்கான பெட்டிகளில் அச்சாகிவிடும். சைட்டில் பார்த்துச் சரிசெய்துகொள்ள ஏணியும் இல்லை, அண்ணனும் இல்லை.

கட்டி முடித்த பிறகு மாடலுக்கு என்ன ஆகிறது என்பதும் எனக்கு உறுத்தலான விஷயம். லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்த பிறகு, அதையொட்டி ஜூடித் ஹாக்கிட் தலைமையில் நடந்த ஆய்வு 'தங்க இழை' என்று ஒன்றைக் கேட்டது. கட்டடத்தில் என்ன பொருள் போட்டார்கள், ஏன் போட்டார்கள், யார் மாற்றினார்கள் என்ற தகவல் வடிவமைப்பில் தொடங்கிக் கட்டடம் இருக்கும் காலம் முழுக்க அறுபடாமல் வர வேண்டும். 2022இல் வந்த பிரிட்டனின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உயரமான குடியிருப்புகளுக்கு அது கடமையாகிவிட்டது. நாங்கள் ஒப்படைத்த மாடல்கள் எத்தனை இன்று யாருடைய ஹார்டு டிஸ்கில் திறக்கப்படாமல் இருக்கிறதோ. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஏணியோடு வருகிறவருக்கு எந்த வால்வு எந்தக் குழாயுடையது என்று சொல்லும் தகவல் எங்களிடம் இருந்தது. அதை அவர் போனில் பார்க்க ஒரு வழி செய்துகொடுத்தால்தான் எங்கள் வேலை முடிந்தது என்று நான் இப்போது நினைக்கிறேன்.

அண்ணன் போன வருடம் ஊருக்குத் திரும்பிவிட்டார். இருபது வருடச் சம்பாத்தியத்தில் வீடு கட்டுகிறார். ஒருநாள் வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் பால்பாயின்ட் பேனாவால் கொத்தனார் வரைந்த பிளான். "தங்கச்சி, நேரம் கெடைச்சா இதைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு" என்று குரல் செய்தி.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து மாடல் செய்தேன். சின்ன வீடு. ஹால், இரண்டு அறை, சமையலறை, வெளிப்பக்கம் மாடிப்படி, படிக்கு அடியில் அம்மாவுக்கென்று ஒரு குளியலறை. நம் ஊரில் படிக்கு அடியில் குளியலறை வைக்காத வீடு குறைவு. பிளானில் பார்த்தால் எல்லாம் சரி. கதவை நிறுத்திவிட்டுக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கதவு வரும் இடத்தில் படியின் அடிப்பக்கம் தரையிலிருந்து ஐந்தே முக்கால் அடியில் இறங்கி வருகிறது. கதவு நிலையே ஆறே முக்கால் அடி.

உடனே கூப்பிட்டேன். படிக்குச் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்தார்கள், அடியில் சுவர் இன்னும் எழவில்லை. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். கொத்தனார் முதலில் நம்பவில்லை, சென்ட்ரிங் பலகையின் அடியில் டேப் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாப்பா, இடிக்கத்தான் செய்யும்" என்றார். படி 10 அங்குலம் போவதற்கு 6 அங்குலம் ஏறுகிறது. கதவை உயரமான பக்கம் இரண்டடி தள்ளினால் 14 அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும், நிலை நிற்கும் என்றேன். கொத்தனார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படித் தள்ளினால் கதவு உள்பக்கம் திறக்கையில் குழாயடியில் முட்டும், வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைக்கலாம், வயசானவங்க உள்ளே விழுந்துட்டாலும் வெளியிலிருந்து திறக்கலாம் என்றார். நான் மாடலில் கதவைத் திருப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். முட்டெல்லாம் எடுத்து, நிலை வைத்து, பூசாத சுவர். உள்ளே அவருடைய அம்மா நின்றுகொண்டு ஒரு கையை மேலே தூக்கிப் படியின் அடிப்பக்கத்தைத் தொடப் பார்க்கிறார். எட்டவில்லை.